மலை என்று அச்சான மழை

அன்புள்ள தமயந்தி,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே பெங்களூர் நேர்முகத் தேர்வைப் பற்றி நீ சொன்னாய். முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்களாம். மில்லிமீட்டருக்கும் சிறிய அலைகளை உண்டாக்குவது ஏன் கஷ்டம் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொன்னார்களாம். டெராஹெர்ட்ஸ் என்ற சொல்லை உன்னிடம் மூன்று முறை கேட்டுச் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். தெரியாத சொல்லைக் குறித்துக்கொள்வது என் தொழில் பழக்கம். எல்லாம் முடிந்து நீ எழுந்தபோது, நடு நாற்காலியில் இருந்த பேராசிரியர் உன் விண்ணப்பத்தைத் திரும்ப ஒருமுறை புரட்டிவிட்டு, "உங்க ஊர்ல இப்ப மழை பெய்யுதா?" என்று கேட்டாராம். "எப்பவாவது பெய்யும் மேடம்" என்றாயாம். மற்றவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை என்றாய். "திருவண்ணாமலைன்னாலே வெயில்தான்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்மா" என்று நீ சொல்ல, அம்மாவும் சிரித்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போனேன்.

அந்தக் கேள்வி உனக்கானது இல்லை. விண்ணப்பத்தில் அப்பா பெயர், தொழில், ஊர் என்று மூன்று கட்டங்கள் இருந்திருக்கும். மூன்றையும் நீ ஒழுங்காக நிரப்பியிருப்பாய். அதைப் படித்துவிட்டு அவர் என்னைத்தான் கேட்டார். மைக்ரோவேவ் துறையில் இந்த நாட்டின் முன்னணி ஆராய்ச்சியாளர்கள் என்று ஐந்து பேரைச் சொன்னால் அதில் ஒருவராக இன்று வரக்கூடிய மங்கையர்க்கரசி அம்மா, பதினோரு வருஷத்துக்கு முன்பு நம் ஊரில் இரண்டு மாதம் இருந்தார். அவர் இங்கிருந்து போனதற்குக் காரணம் நான். நீ விடுதியைக் காலி செய்து அவரிடம் கிடைத்த ஆராய்ச்சி வேலையில் சேரும் முன்பு இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உனக்கு எழுதுவதை மற்றவர்களும் படிக்கட்டும் என்று ஒரு நகலை அச்சுக்கும் கொடுக்கிறேன். அச்சில் செய்ததை அச்சில்தான் சொல்ல வேண்டும்.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தேரடித் தெருவில் ஏகாம்பரத்தின் ஜவுளிக்கடை மாடியில் ஒரு பெரிய இரும்புச் சட்டி பக்கவாட்டில் திரும்பியவாக்கில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் போகும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவாய். அதற்கு ஜோடியாக இன்னொரு சட்டி செங்கம் சாலையில் ஒரு அரிசி ஆலையின் மாடியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து அனுப்பும் அலை இங்கே வந்து சேரும். எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதைக் கடையின் மாடி அறையில் ஒரு பேனா, ஓடிக்கொண்டே இருக்கும் காகிதச் சுருளில் கோடாக இழுக்கும். பக்கத்தில் மழை அளக்கும் செம்பு. மழை பெய்தால் கோடு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் மங்கையர்க்கரசி அம்மாவின் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. ஊரில் அவருக்குச் 'சட்டி அம்மா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். ஒருநாள் தபால்காரர் "சட்டி அம்மாவுக்கு ரிஜிஸ்டர்" என்று கீழே இருந்து குரல் கொடுத்தபோது, "இருங்க, சட்டியை விட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டேதான் இறங்கி வந்தார்.

அப்போது நான் பத்திரிகையின் பகுதிநேர நிருபர். தை பிறந்தால் முழுநேர வேலைக்கு உத்தரவு வரும் என்று சென்னையிலிருந்து சொல்லியிருந்தார்கள். தீபத் திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம். கொடியேறும்வரை அனுப்பப் பெரிய செய்தி எதுவும் இல்லாததால் அவரைப் பார்க்கப் போனேன். மாடி அறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். அலை சின்னதாக ஆக ஆக அதில் நிறைய விஷயத்தை ஏற்றி அனுப்பலாம், ஆனால் சின்ன அலைக்கு ஒரு மழைத்துளியே பாறாங்கல் மாதிரி ஆகிவிடும் என்றார். பிறகு சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன், அந்தக் குறிப்பேடு இப்போதும் என் முன்னால் இருக்கிறது. "மலைன்னா சுத்தி அனுப்பிடலாம் சார், இல்ல மேல ஒரு கோபுரம் வச்சுத் தாண்டிடலாம். மழையை எங்க போய்ச் சுத்தறது? எங்களுக்கு மழையேதான் தடை." இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்றும் கேட்டேன். "மலையை ஒட்டிப் பெய்யற மழை கனமா விழுது. இந்த மலைக்காகத்தான் இங்க வந்தேன்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். ஆனால் அனுப்பவில்லை. விஞ்ஞானச் செய்திக்கு அவ்வளவு இடம் தர மாட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

செய்தி அனுப்புவது தந்தியில். தமிழில் எழுதியதை ஆங்கில எழுத்தில் மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே உதவி ஆசிரியர் திரும்பத் தமிழாக்கிக்கொள்வார். நீ எட்டு வயதில் என்னைப் பிடித்து உட்காரவைத்து, "மளை இல்லப்பா, மழை. நாக்கை மடிங்க" என்று பாடம் நடத்தியிருக்கிறாய். நானும் வேண்டுமென்றே "மளை, மளை" என்று சொல்லி உன்னை அழவிட்டிருக்கிறேன். அடி அண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவன் நாக்கு அது. பேச்சில் வராத எழுத்து என் தந்தியிலும் வராது. மழைக்கு இசட்டும் எச்சும் போட வேண்டிய இடத்தில் ஒற்றை எல் போட்டுவிடுவேன். பயிர், ஏரி என்று பக்கத்தில் ஏதாவது இருந்தால் அவர்களே புரிந்துகொள்வார்கள். இந்த முறை பக்கத்தில் எதுவும் இல்லை. எம், ஏ, எல், ஏ, ஐ, அதன் பின்னால் 'யே தடை'. அனுப்பிய ஊர் திருவண்ணாமலை. இங்கிருந்து போகும் தந்தியில் அந்த ஐந்து எழுத்தைப் பார்த்தவர் மழை என்று எப்படிப் படிப்பார்?

தந்தி ஆபீசில் கரீம் பாய் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். அன்றைக்கும் ஃபாரத்தை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"சார், இது மலையா, மளையா?"

"அவங்களுக்குத் தெரியும், அனுப்புங்க பாய்."

"உங்களுக்கும் தெரிஞ்சா நல்லாருக்குமே" என்று சிரித்துக்கொண்டே அடிக்க ஆரம்பித்தார். நான் வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். பிழை எங்கே நடந்தது என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். எழுதியபோது நடந்தது கைப்பழக்கம். கேட்டபோது நின்று பார்க்காமல் போனதுதான் பிழை. நாளைக்கு உன் ஆய்வுக்கூடத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யாராவது "இது சரிதானா?" என்று கேட்டால், அவர் உன்னைவிடக் குறைவாகப் படித்தவராகவே இருந்தாலும், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பார். அவர் கண்ணில் ஏதோ பட்டிருக்கும்.

மறுநாள் காலை ஏழேகால் பஸ்ஸில் பேப்பர் வந்தது. 'விஞ்ஞான முன்னேற்றத்துக்கு மலையே தடை. திருவண்ணாமலையில் பெண் ஆராய்ச்சியாளர் பேச்சு.' மலையையே சாமியாகக் கும்பிடும் ஊரில், தீபத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது. கடை திறக்கும் முன்பே ஏகாம்பரத்தின் வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் போனபோது பூக்கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சட்டியை வச்சு மலையில ஓட்டை போடப் போறாங்களாமே?"

"ஓட்டையெல்லாம் இல்லண்ணா. ஏதோ அலையாம்" என்றார் ஏகாம்பரம்.

"அலைன்னா கடல்ல இருக்கணும். உன் மாடியில அதுக்கு என்னா வேலை?"

யாரும் கை ஓங்கவில்லை, ஒரு கல்கூட விழவில்லை. அதைச் சொல்ல வேண்டும். மனசு நொந்தவர்கள் மனசு நொந்தபடி பேசினார்கள். "கிளம்பச் சொல்லு, அது போதும்" என்பதுதான் மொத்தப் பேச்சும். ஏகாம்பரம் என்னைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனார். வேட்டிக் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "நீங்கதானே எழுதுனீங்க. அந்தம்மா அப்படிச் சொன்னாங்களா, இல்லையா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வெளிய இருக்கறவங்களை நான் பாத்துக்கறேன், சட்டி இருக்கட்டும்" என்றார். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் எப்படி வந்தது என்பது. அதற்குப் பதில் என் தந்தி. தந்தி என்றால் சென்னை. சென்னை என்றால் தை மாத உத்தரவு. இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் என் தலைக்குள் ஓடி முடிந்தது. "பேப்பர்ல வந்திருக்குல்ல" என்றேன். ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, புத்தகப் பையைக்கூட இறக்காமல் நீ கேட்டாய். "அந்தச் சட்டி அம்மா நெஜமாவே மலையைத் தடைன்னு சொன்னாங்களாப்பா?" உன்னிடமும் அதே பதில்தான், "பேப்பர்ல வந்திருக்குல்ல." எண்ணிப் பார்த்தால் இரண்டே சொல். உனக்கு அது போதுமானதாக இருந்தது, அப்பா பேப்பரில் எழுதுகிறவர். அதற்குப் பிறகு அந்த வழியாகப் போகும்போது நீ அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாய். ஏகாம்பரத்திடம் சொன்னதைவிட உன்னிடம் சொன்னதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஏகாம்பரம் நம்பவில்லை, நீ நம்பினாய்.

இரண்டாம் நாள் மங்கையர்க்கரசி அம்மா நம் வீட்டுக்கு வந்தார். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். உன் அம்மா காபி கொடுத்தாள், குடித்தார். கையில் காகிதச் சுருள் ஒன்றை வைத்திருந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நான் மழைன்னுதானே சொன்னேன் சார்?"

"ஆமாம்மா."

"அப்ப திருத்தம் போடச் சொல்லுங்க. இன்னும் ஒரு மாசம் நான் இங்க இருந்தாகணும்."

"ஆசிரியருக்கு எழுதிப் போட்டிருக்கேன். அவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க."

எழுதியது உண்மை. 'மழை என்று இருக்க வேண்டிய இடத்தில் மலை என்று வெளியாகிவிட்டது. தவறுக்கு வருந்துகிறோம்.' எழுதி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். போட்டது மட்டும் பொய். அவர் பேசும்போது என் பையில் அந்தக் காகிதம் இருந்தது. உத்தரவு கைக்கு வரட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். அவர் சுருளை மேஜைமேல் விரித்தார். நீளமாக ஒரே நேர்கோடு, கடைசியில் முந்தின வாரத்துச் சின்ன மழைக்கு ஒரு சின்னப் பள்ளம். "ஒரு அளவு தப்பா எடுத்தா அடுத்த மழைக்குத் திருத்திடலாம் சார். எடுக்காம விட்ட மழையைத் திரும்பக் கூப்பிட முடியாது" என்றார். சுருளைச் சுற்றிக்கொண்டு, காபி நன்றாக இருந்தது என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் ஒரு ஜீப் வந்து இரண்டு சட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. அதற்கு மூன்று நாள் கழித்து, அந்த வருஷத்திலேயே பெரிய மழை. மலை தெரியவில்லை. தேரடித் தெருவில் முழங்கால் தண்ணீர். ஏகாம்பரத்தின் கடை எதிரில் நின்று, எதுவும் இல்லாத மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடை பிடித்திருந்தும் நனைந்துவிட்டேன். அன்று அனுப்பிய தந்தியில் மழைக்கு இசட் எச் போட்டேன். அன்றிலிருந்து ஒருமுறைகூட அது தவறியதில்லை. தை மாதம் வேலை உத்தரவும் வந்தது. அதற்குப் பிறகு திருத்தத்தை அனுப்பலாம் என்று எடுத்தேன். இப்போது போட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும், புதுசாகக் கிளறிவிட்டதாகத்தான் ஆகும் என்று திரும்ப மடித்து வைத்தேன். முதலில் சொன்ன காரணம் தீர்ந்ததும் அடுத்தது தயாராக இருந்தது.

சில வருஷம் கழித்து ஒரு வார இதழில் அவருடைய பேட்டி வந்தது. அதற்குள் பெரிய பெயர் ஆகிவிட்டிருந்தார். முதல் மழைக்காலம் கைநழுவிப் போனது, அடுத்த மழைக்காலத்துக்குள் வெளிநாட்டில் வேறொரு குழு அதே அளவீட்டை வெளியிட்டுவிட்டது, அதனால் இன்னும் சின்ன அலைகளின் பக்கம் போனேன் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தார். ஊர்ப் பெயரும் இல்லை, பேப்பர் பெயரும் இல்லை. அந்த நஷ்டம்தான் அவரை இந்த உயரத்துக்குக் கொண்டுபோனது என்று நினைத்து நிம்மதி அடைய எனக்கும் ஆசைதான். ஆனால் அது அவர் செய்த காரியம். என் பங்கு நஷ்டம் மட்டும்.

நீ இந்தப் படிப்பை எடுத்தபோதே சொல்லியிருக்கலாம். பெங்களூருக்கு விண்ணப்பம் போட்டபோதாவது சொல்லியிருக்கலாம். அங்கே பத்துப் பேராசிரியர்கள் இருப்பார்கள், அவரிடமே போய் நிற்கப் போகிறாயா என்று விட்டுவிட்டேன். நீ அவரிடமே போய் நின்றாய். ஞாயிற்றுக்கிழமை உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று காபி குடித்துவிட்டுப் போனவர் எதற்கு வந்தார் என்பதே இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது. அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப என்னா பண்ணப் போறீங்க?"

"அவங்களுக்கு எழுதப் போறேன்."

"ஏங்க, அவங்க உங்க பொண்ணுன்னு தெரியாம எடுத்துக்கிட்டாங்கன்னா, எழுதிக் காட்டிக் குடுக்காதீங்க. தெரிஞ்சே எடுத்துக்கிட்டாங்கன்னா, எழுத வேண்டிய அவசியமே இல்லை. எந்தப் பக்கம் பாத்தாலும் எழுத வேணாம்னுதான் வருது."

உன் கணக்கு மூளை எங்கிருந்து வந்தது என்று எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. அவளே தொடர்ந்தாள். "அவ போய்ச் சேந்து, ஒரு வருஷம் ஆயி, நிலைச்சதுக்கு அப்புறம் எழுதுங்களேன்."

"அன்னிக்கும் இதையேதான் சொல்லிக்கிட்டேன்" என்றேன். "உத்தரவு வரட்டும்னு." அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குமேல் தடுக்கவில்லை. "அவ எடத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உங்ககூடப் பேச மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அது நியாயம்.

அவர் தெரிந்தேதான் உன்னை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஆனால் அது என் ஊகம். ஊகத்தைச் செய்தியாக எழுதக் கூடாது. அப்படியே இருந்தாலும் அவர் உன்னை எடுத்தது கரும்பலகையில் நீ எழுதியதற்காக. என்னை மன்னித்ததாக நான் அதை எழுதிக்கொள்ள முடியாது. அவர் சொல்லாமல் இருக்க, நீ தெரியாமல் இருக்க, நான் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, நீ அவருக்கு எதிரே உட்கார்ந்து வருஷக்கணக்கில் அளவு எடுத்துக்கொண்டிருப்பாய் என்பதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவருக்கான கடிதத்தை உன் கையில் கொடுத்தனுப்பவும் யோசித்தேன். என் சுமையை உன் பெட்டியில் வைக்கக் கூடாது. தபாலிலேயே போகட்டும், குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தோடும், நான்காக மடித்த பழைய காகிதத்தோடும். உன்னைக் கேட்காமல் செய்கிறேன். அதற்காக நீ என்மேல் கோபப்படலாம். சண்டை போட நேரில் வந்தாலும் சரி, தபாலில் போட்டாலும் சரி. அவர் உன்னைக் கேட்டால், தெரியும் என்று சொல். எனக்காகப் பரிந்து பேசாதே.

கடிதம் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அவர் கேட்ட கேள்வி அதுவரை நிற்க வேண்டாம் என்று இன்று மத்தியானம் தந்தி ஆபீசுக்குப் போனேன். கரீம் பாய் ஆரணிக்கு மாற்றலாகிப் போய்விட்டுத் திரும்ப இங்கேயே வந்திருக்கிறார், அடுத்த வருஷம் ஓய்வு. தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 'நீங்கள் சொன்னது மழை. தவறு என்னுடையது. இங்கே மழை பெய்கிறது. கடிதம் பின்னால்.' உண்மையில் பெய்துகொண்டிருந்தது. ஆபீஸ் ஓட்டுக் கூரையில் சத்தம் கேட்டது. பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஃபாரத்தை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"இது மழைதானே சார்?"

"மழைதான் பாய்" என்றேன். நாக்கை மடித்துத்தான் சொன்னேன்.

அப்பா